பொம்மைக்குக் கீழே நீர்: ஹனோயிலிருந்து சைகோன் வரை ஐந்து நாள் குறிப்புகள்

நவம்பர் 12, 2024, செவ்வாய் – ஹனோய்

ஹோவான் கீம் ஏரியைச் சுற்றி நடந்தால் யாகி புயல் வந்துபோன தடம் இன்னும் தெரிகிறது. செப்டம்பரில் சாய்ந்த மரங்களில் பிழைக்கக்கூடியவற்றைக் கிளை கழித்து நிமிர்த்தி, நாலு பக்கமும் கழி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பகலில் நடந்தால் வேர்க்கிறது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஏரிக்காற்றில் லேசான குளிர்.

ஏரியின் வடகிழக்கு மூலையில், சாலையைக் கடந்தால் தாங் லாங் நீர்ப்பொம்மலாட்ட அரங்கு. 1969இல் தொடங்கியது. ஒரு நாளில் பல காட்சிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நிமிடம். கட்டணம் இருக்கையைப் பொறுத்து 1 லட்சம், 1.5 லட்சம், 2 லட்சம் டாங் (வியட்நாம் நாணயம்). இப்போதைய மதிப்பில் 1 லட்சம் டாங் என்பது 330 ரூபாய் அளவு.

இந்தக் கலைக்கு வியட்நாமியர் மொழியில் முவா ரோய் நுவோக் என்று பெயர். முவா ஆட்டம், ரோய் பொம்மை, நுவோக் நீர். 'நுவோக்' என்ற அதே சொல்லுக்கு நாடு என்றும் பொருள் உண்டு. மீன் சாறும் அவர்களுக்கு நுவோக்தான்: நுவோக் மாம். இந்த ஒரு சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டால் போதும், மேடையிலும் சாப்பாட்டு மேசையிலும் நடப்பது பாதி விளங்கிவிடும்.

இருக்கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வரிசைக்குத்தான் விலை அதிகம். ஆனால் அங்கே கண் நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால் நீரின் பரப்பு ஒரு கோடாகச் சுருங்கிவிடும். டிராகன் வரும்போது சட்டையும் நனையும். நாலாவது வரிசையிலிருந்து ஏழாவது வரை, நடுப்பகுதி நல்லது. அங்கிருந்து குளம் முழுவதும் தட்டுபோல விரிந்து தெரியும். இசைக்குழு பார்வையாளருக்கு இடப்பக்கம் உயரமான மேடையில் உட்கார்ந்திருக்கிறது. வலது ஓரத்தில் இடம் கிடைத்தாலும் நட்டமில்லை, அவர்களை நேர்ப்பார்வையில் பார்க்கலாம். முழங்கால் இடிக்கும் அளவுக்கு இருக்கைகள் நெருக்கம். உயரமானவர்கள் நடைபாதை ஓரம் கேட்டு வாங்க வேண்டும்.

மேடை என்பது ஒரு குளம். பின்னால் கோயில் முகப்புபோல ஓட்டுக்கூரை, அதிலிருந்து நீரைத் தொட்டுத் தொங்கும் மூங்கில் தட்டி. ஆட்டுபவர்கள் தட்டிக்கு அந்தப் பக்கம், இடுப்பளவு தண்ணீரில், ரப்பர் காற்சட்டையோடு நிற்கிறார்கள். நமக்கு அவர்கள் தெரியமாட்டார்கள், அவர்களுக்குத் தட்டியின் இடுக்கு வழியாக எல்லாம் தெரியும். தண்ணீர் கலங்கிய பச்சை. தெளிந்த நீராக இருந்தால் அடியில் ஓடும் கழி தெரிந்துவிடும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

முதலில் வருபவன் சூ தேவ். குண்டு வயிறு, திறந்த மார்பு, மொட்டைத் தலையில் சிறு குடுமிகள், ஓயாத சிரிப்பு. 'தேவ்' என்றால் பழைய மொழியில் சிரிப்பு. 'சூ' என்பது அப்பாவின் தம்பியை அழைக்கும் முறைப்பெயர், சிறுவனையும் செல்லமாக அப்படிச் சொல்வதுண்டு. நம்மூர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையைத்தான் இவன் செய்கிறான்: வணக்கம் சொல்வான், கதையை அறிமுகம் செய்வான், ஊரைச் சீண்டுவான். வசனம் முழுவதும் வியட்நாமிய மொழியில். மொழிபெயர்ப்பு இல்லை, தேவையும் இல்லை.

அதன்பிறகு துண்டு துண்டாகப் பல காட்சிகள். நாற்று நடுகிறார்கள், தவளை பிடிக்கிறார்கள், நரி வாத்தைக் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறுகிறது, இரண்டு பீனிக்ஸ் பறவைகள் கொஞ்சி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன, டிராகன் வாயால் நீரையும் பொறியையும் கக்குகிறது. தேர்வில் வென்ற பட்டதாரி கொடி, குடையோடு ஊர் திரும்புகிறார். மன்னர் லே லோய் படகில் வர, ஆமை தலை நீட்டி வாளைத் திரும்பக் கேட்கிறது. மிங் படைகளை விரட்டி 1428இல் அரியணை ஏறியவர் அவர். வாளைத் திருப்பிக் கொடுத்த ஏரி என்பதுதான் ஹோவான் கீம் என்ற பெயரின் பொருள். கதை நடந்த ஏரி அரங்கின் வாசலிலேயே இருக்கிறது. அந்த ஏரியில் வாழ்ந்த கடைசிப் பெரிய ஆமை 2016 ஜனவரியில் இறந்தது. 169 கிலோ. அதைப் பதப்படுத்தி, சிவப்புப் பாலத்துக்கு அப்பால் உள்ள ங்கோக் சன் கோயிலில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். காட்சிக்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது. மேடையில் வரும் ஆமைக்கு அப்போது கனம் கூடுகிறது.

பொம்மையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பத்தே நிமிடத்தில் சலித்துவிடும், முகம் அசைவதில்லையே. அதைச் சுற்றியுள்ள நீரைப் பார்க்க வேண்டும். பொம்மை திரும்புவதற்கு ஒரு நொடி முன்பே அதன் அடியில் ஒரு சுழி எழும். விரைவாக வரும்போது பின்னால் இரண்டு அலைக்கோடுகள் பிரியும். எட்டுத் தேவதைகள் ஒரே தாளத்தில் வளையும்போது கவனித்தால், பல பொம்மைகள் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டிருப்பதை அலைகள் காட்டிக்கொடுக்கும்.

இசைக்குழுவில் ஒரு கருவியைத் தவறவிடக் கூடாது. டான் பாவ். ஒரே தந்தி. வலக்கையால் மீட்டும்போதே உள்ளங்கையின் விளிம்பால் தந்தியை மெல்லத் தொட்டு எடுக்கிறார்கள், இடக்கை ஓரத்தில் நிற்கும் வளைகோலை வளைத்துச் சுருதியை ஏற்றி இறக்குகிறது. மனிதக் குரல் இழைவதுபோல ஒலிக்கிறது. நம் கமகத்துக்குப் பழகிய காதுக்கு அது அந்நியமாக இல்லை.

வெளியே வந்தால் முட்டைக் காபிக் கடைகள். மஞ்சள் கருவைக் கெட்டிப்பாலோடு நுரைக்க அடித்து, கறுப்புக் காபியின்மேல் ஊற்றி, கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துத் தருகிறார்கள். 40,000 டாங். 1946இல் பால் தட்டுப்பாட்டின்போது ஹனோய் விடுதி ஒன்றில் பிறந்த பானம். கலக்காமல் முதலில் கரண்டியால் நுரையைச் சாப்பிட வேண்டும். ஆறவிட்டால் முட்டை வாடை தூக்கும்.

நவம்பர் 13, புதன் – தாய் கோயில், சாய் சன் மலையடிவாரம்

ஹனோயிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 'சுவா தாய்' என்றால் குருவின் கோயில். தாவ் ஹான் என்ற துறவி இங்கே வாழ்ந்தார், மக்களுக்கு நீர்ப்பொம்மலாட்டம் கற்றுக்கொடுத்தவர் அவரே என்பது ஊர் நம்பிக்கை. கோயிலுக்கு முன்னால் லாங் சி என்ற குளம், டிராகன் குளம். அதன் நடுவே நீர் மண்டபம். குளத்தின் இரு பக்கமும் கூரை வேய்ந்த இரண்டு பாலங்கள், 1602இல் கட்டியவை.

நம் ஊர்த் தெப்பக்குளத்தின் நீராழி மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே சாமி அந்த மண்டபத்துக்கு வருவதில்லை. பொம்மலாட்டக்காரர்கள் உள்ளே இறங்கித் தட்டியைத் தொங்கவிட்டு ஆட்டுகிறார்கள், ஊர் கரையில் நின்று பார்க்கிறது. ஆனால் ஆட்டம் திருவிழாவில்தான், சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 5 முதல் 7 வரை. நவம்பரில் வந்தால் பாசி படர்ந்த குளமும் காலி மண்டபமும்தான். ஏமாற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்று அரங்கில் பார்த்தது எதன் நகல் என்று இங்கே நின்றால்தான் புரிகிறது. நகரத்து அரங்கின் ஓட்டுக்கூரை, பச்சை நீர், தட்டி எல்லாமே இந்த மண்டபத்தின் அச்சு.

செவ்வாற்று வடிநிலத்தின் வயலில் அறுவடை முடிந்து வெள்ளம் தேங்கும்போது பிறந்த கலை என்பார்கள். பழைமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. ஹா நாம் பகுதியின் தோய் கோயிலில் உள்ள 1121ஆம் ஆண்டுக் கல்வெட்டு, லி நான் தோங் மன்னர்முன் பொன்னாமை ஒன்று முதுகில் மூன்று மலைகளைச் சுமந்து நீந்தி, கண்ணை உருட்டி, வாயால் நீர் பீய்ச்சியதை விவரிக்கிறது. நேற்று லே லோயிடம் வாள் கேட்ட ஆமைக்கு ஒன்பது நூற்றாண்டு மூத்த அண்ணன் அது.

பொம்மை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மரம்: அவர்கள் 'சுங்' என்று சொல்வது நம் அத்தி. அதே இனம்தான், கொத்துக் கொத்தாகத் தண்டிலேயே காய்க்கும் நாட்டத்தி. இலேசானது, மிதக்கும், உளிக்கு இளகிக் கொடுக்கும். காஞ்சியில் அத்தி வரதர் 40 ஆண்டுகள் அனந்தசரஸ் குளத்து நீருக்குள் இருந்து 2019இல் வெளியே வந்ததைப் பார்த்தவர்களுக்கு, இந்த மரத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

உடலும் அடியும்: பொம்மைக்கு இரண்டு பகுதிகள். நீருக்கு மேலே தெரிவது உடல். நீருக்குள் மறைந்திருப்பது அடிக்கட்டை. மிதக்க வைப்பது, கவிழாமல் நிறுத்துவது, கழியோடு இணைப்பது மூன்றும் அடிக்கட்டையின் பொறுப்பு. பொம்மை 30 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை, எடை பெரும்பாலும் 1 முதல் 5 கிலோ. கைகளும் தலையும் தனியாகச் செதுக்கப்பட்டு, மூட்டில் துணியோ கயிறோ கோத்துப் பூட்டப்படும்.

கழியும் கயிறும்: எளிய பொம்மை நீண்ட மூங்கில் கழியின் நுனியில் உட்காரும். கழியைத் தள்ளினால் முன்னே போகும், சுழற்றினால் திரும்பும், கழியோடு ஓடும் நூலை இழுத்தால் கை தூக்கும். அடிக்கட்டையில் படகுச் சுக்கான்போல ஒரு பலகை இருந்தால் சின்ன இழுப்பிலேயே முழு வட்டம் அடிக்கும். இன்னொரு முறையில், குளத்தின் அடியில் முளைகள் அறைந்து அவற்றைச் சுற்றிக் கயிறு ஓட்டுவார்கள். கழி எட்டாத தூரத்துக்கும் ஊர்வலம் போய் வர அந்த வழிதான்.

பொம்மை நீரில் இருக்கும்வரை கனத்தை நீர் சுமக்கிறது. ஆட்டுபவரின் கை தள்ளவும் திருப்பவும் மட்டும் உழைக்கிறது. நீரைவிட்டு மேலே தூக்கிய கணமே முழுக்கனமும் நீண்ட கழியின் நுனியில் போய் உட்கார்ந்து மணிக்கட்டை முறிக்கப் பார்க்கும். அதனால்தான் பொம்மைகள் துள்ளுவது அபூர்வம். மூழ்கி எழும், சாயும், சுழலும். மீன் துள்ளுவதுபோல ஒன்று துள்ளினால் அங்கே கைதட்டுவது நியாயம்.

பூச்சு: செதுக்கிய மரத்தின்மேல் 'சன்' எனப்படும் அரக்குமரப் பாலை அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொரு அடுக்கும் காய்ந்தபின் நீர் தொட்டுத் தேய்த்து மழமழப்பாக்கி, பிறகு பொன் அல்லது வெள்ளித் தாள் ஒட்டி வண்ணம் தீட்டுகிறார்கள். இந்தப் பால் ஈரக்காற்றில்தான் நன்றாக இறுகும், வறண்ட வெயிலில் வைத்தால் கெடும். இந்த மரம் முந்திரி, சேங்கொட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சேங்கொட்டைப் பால் பட்டவர்களுக்குத் தெரியும், இதுவும் பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளம் போடும். பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், நீர் உள்ளே இறங்கி மரம் ஊதி, பொம்மை அரை விரல் தாழ்ந்து மிதக்கும், சுக்கான் இழுப்புக்கு ஒத்துவராது. தினமும் காட்சி நடக்கும் இடத்தில் பூச்சு வேலை ஓயாமல் நடப்பது அதனால்தான்.

ஊர்க்குழுவுக்கு 'ஃபூங்' என்று பெயர். நுட்பங்களை வெளியே விடமாட்டார்கள். வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் மகள் கையோடு ரகசியமும் போய்விடும் என்று பெண்களுக்குக் கற்றுத்தராத காலம் இருந்தது. இன்று அரங்குகளில் தட்டிக்குப் பின்னால் நிற்பவர்களில் பெண்களும் உண்டு. நேற்று இறுதி வணக்கத்துக்கு வெளியே வந்த வரிசையில் அவர்களைப் பார்த்தோம். ரப்பர் உடை இல்லாத நாளில், வடநாட்டுக் குளிரில் குளத்தில் இறங்குமுன் இஞ்சித் தேநீரும், ஒரு மிடறு சுத்தமான நுவோக் மாமும் குடிப்பார்களாம். உடம்பில் சூடு ஏற்ற.

மதியம் கோயில் வாசல் கடையில் சோறும் பூண்டு போட்டு வதக்கிய ராவ் முவோங்கும், அதாவது நம் வள்ளைக்கீரை. சைவம் என்றால் 'சாய்' என்று சொன்னால் புரியும். ஆனால் கீரையில்கூட நுவோக் மாம் விழுந்துவிடும். 'கோம் நுவோக் மாம்' என்று சேர்த்துச் சொல்லவில்லை என்றால் பொறுப்பு நம்முடையது.

நவம்பர் 14, வியாழன் – சைகோன்

தெற்கே இரண்டு மணி நேர விமானம். இறங்கியதும் வேறு பருவம்: 32 டிகிரி, பிசுபிசுப்பு, மாலையில் கறுத்த மேகம். அரசுப் பெயர் ஹோ சி மின் நகரம், பேச்சில் எல்லோரும் சைகோன்.

பணத்தாளில் ஒரு எச்சரிக்கை. 20,000 டாங் தாளும் 5 லட்சம் டாங் தாளும் இரண்டும் நீலம். இரவு வெளிச்சத்தில் ஒன்றை மற்றொன்றாக நீட்டிவிடுவது எளிது. இளநீர்க் கடையில் அப்படித்தான் ஆனது. கடைக்கார அம்மா தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டி, சிரித்து, இரண்டு கையாலும் பிடித்துத் திரும்பக் கொடுத்தார். இங்கே காசானாலும் கோப்பையானாலும் இரு கையால் கொடுப்பதுதான் மரியாதை, வாங்குவதும் அப்படியே. 5 லட்சத்தைப் பணப்பையில் தனி அறையில் வையுங்கள்.

நவம்பர் 15, வெள்ளி – பௌர்ணமி, பொம்மலாட்டம், படகுச் சாப்பாடு

நமக்கு ஐப்பசிப் பௌர்ணமி, அவர்களுக்குப் பத்தாம் மாதத்து முழுநிலா நாள். மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள். தெருக்கடைகளில்கூட 'சாய்' என்று பலகை தொங்கும். சைவர்களுக்கு வாய்ப்பான நாள். வறுத்த தோஃபு, காளான், எலுமிச்சைப்புல் போட்ட சேமியா ஒரு கிண்ணம் 40,000 டாங். மாலையில் துருவோங் தின் தெருவில் உள்ள மாரியம்மன் கோயிலில் கூட்டம். தமிழர்கள் எழுப்பிய கோயில், இன்று வணங்குபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். கருவறைக்குப் பின்புறக் கற்சுவரில் நெற்றியைப் பதித்து, வேண்டுதலைக் கல்லிடமே முணுமுணுக்கிறார்கள். அங்கிருந்து பூங்காவை ஒட்டி நடந்தால் ரோங் வாங் அரங்கு, பொன் டிராகன் என்று பொருள். நடை பத்து நிமிடம்தான். ஐந்து மணிக்குப் பிடித்த மழை இருபது நிமிடம் கொட்டி நின்றிருந்ததால் நடைபாதை ஓடுகள் மிதித்தால் பீய்ச்சின. செருப்பே நல்லது.

6.30 காட்சி. ஹனோயைப் பார்த்துவிட்டு வருபவருக்குப் பெரும்பாலான உருப்படிகள் தெரிந்தவையே: தேவ், டிராகன், நரி, பீனிக்ஸ், தேவதைகள். இது வடநாட்டுக் குளத்துக் கலை, தெற்கே வந்து குடியேறியது. அரங்கு சிறியது, அதனால் தட்டியின் அசைவும் நீரின் சலசலப்பும் இன்னும் கிட்டத்தில். இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் ஹனோயைச் சொல்வேன். அங்கே வாசலில் ஏரி இருக்கிறது. ஆனால் குழந்தைகளோடு வருபவர்களுக்குச் சைகோன் வசதி.

டிராகன் வாயில் பொறி பறப்பதைப் பற்றி ஒரு விளக்கம். மத்தாப்பு பொம்மையின் வாயில் செருகப்பட்டு, தட்டிக்குப் பின்னாலேயே பற்றவைக்கப்பட்டு, தலை நீருக்கு மேலே வரும்படி கணக்காகத் தள்ளப்படுகிறது. நேரம் ஒரு நொடி பிசகினால் திரி நனைந்து அணைந்துவிடும். அப்போது டிராகன் வெறும் நீரை மட்டும் கக்கும். பார்ப்பவர்களுக்கு அது குறையாகவே தெரியாது.

காட்சி 7.20க்கு முடிந்தது. படகு 7.45க்குக் கயிறு அவிழ்க்கும். தூரம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை, ஆனாலும் வெள்ளி இரவு நெரிசலில் வண்டி மெதுவாகத்தான் நகரும். இங்கேதான் தவறு நடந்தது. சீட்டில் 'சைகோன் துறைமுகம்' என்று மட்டும் அச்சாகியிருந்தது. ஓட்டுநர் தம்பி அப்போதைய முதல் வட்டத்துப் பாக் தாங் படித்துறையில் இறக்கிவிட்டார். இரவுப் படகுகள் சில அங்கிருந்து கிளம்பும். நமது படகு பென் ங்கே கால்வாய்க்கு அந்தப் பக்கம், அப்போதைய நாலாம் வட்டத் துறைமுகத்தில், நியா ரோங் கட்டடத்துக்கு அருகே. 1911 ஜூன் 5 அன்று ஹோ சி மின் கப்பலேறிய துறை அது. இரண்டுக்கும் நடுவே கான் ஹோய் பாலம். வண்டியைத் திருப்பினால் ஒருவழிப் பாதையில் சிக்குவோம் என்று நடந்தே கடந்தோம், பத்து நிமிட ஓட்டநடை. முன்பதிவு செய்யும்போதே எந்தப் பகுதி, எந்தத் தெரு, எத்தனையாம் வாயில் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொம்மலாட்டத்தையும் படகையும் ஒரே மாலையில் வைப்பதாக இருந்தால் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

ஏறும்போது ஏறுபலகை ஏறக்குறைய மட்டமாக இருந்தது. காரணம் ஓதம். கடல் ஆற்றுவழியாக 80 கிலோமீட்டர் அளவு தள்ளி இருந்தாலும் சைகோன் ஆறு நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் ஏற்றம் மிக உயரம். உச்சம் மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையே வரும். அப்போதைய ஏழாம் வட்டத்தின் திரான் சுவான் சோவான் தெரு அந்நேரம் முழங்கால் நீரில் நிற்கும். மழையே இல்லாவிட்டாலும்.

படகில் மூன்று தளங்கள். கீழ்த்தளம் குளிரூட்டியது, இசைக்குழு அங்கே. மேல்தளம் திறந்தவெளி. சீட்டு வாங்கும்போதே மேல்தளத்து ஓர மேசை கேளுங்கள். ஆளுக்கு 6.5 லட்சம் டாங், சாப்பாடு உட்பட. குடிக்க வாங்கும் எதுவும் அதில் சேராது. மேசையில் வைத்திருக்கும் நிலக்கடலைத் தட்டும், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஈரத்துண்டும் இலவசமல்ல. உறையைப் பிரித்தால் கணக்கில் ஏறும். வேண்டாம் என்றால் தொடாமல் ஓரமாக வையுங்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. பரிமாறுபவரைக் கூப்பிட விரலைச் சொடுக்கக் கூடாது. நம்மைவிட இளையவர் என்றால் 'எம் ஓய்', தம்பி தங்கைக்கு இரண்டுக்கும் அதே சொல். மூத்தவர் என்றால் அண்ணனுக்கு 'ஆன் ஓய்', அக்காவுக்கு 'சி ஓய்'. முறை வைத்துக் கூப்பிடும் ஊர்க்காரர்களான நமக்கு இது உடனே நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் தாமரைத்தண்டு சாலட், இறால் போட்டது. பிறகு தேங்காய்த் தண்ணீரில் ஆவியில் வெந்த இறால், பூண்டு வதக்கிய கீரை, வறுத்த சோறு. முக்கியமான தட்டு 'கா தாய் துவோங்': யானைக்காது மீன். முழு மீனைச் செதிலோடு மொறுமொறுவென்று பொரித்து, மரத் தாங்கியில் நிமிர்த்தி நிறுத்திக் கொண்டுவருகிறார்கள். தின்னும் முறை இது. அரிசித் தாளை நீரில் இரண்டு நொடி மட்டும் நனைக்க வேண்டும், கையில் எடுக்கும்போது இன்னும் விறைப்பாகவே இருக்கும், அடுத்த அரை நிமிடத்தில் தானே இளகிவிடும். முழுக்க இளகும்வரை நீரில் விட்டால் சுருட்டும்போது கிழியும். பல பேர் இங்கேதான் தோற்கிறார்கள். நம் பக்கமாகக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் கீரை, துளசி வாசத் தழை, வெள்ளரி, அன்னாசித் துண்டு, கொஞ்சம் சேமியா, அதன்மேல் செதிலை ஒதுக்கிவிட்டுப் பிய்த்த மீன். கொழுக்கட்டைபோலக் குவிக்காமல் விரல் தடிமனுக்கு வையுங்கள். ஓரங்களை மடித்து இறுக்கிச் சுருட்டி, தொட்டுக்கொள்ளும் சாறில் முக்கிச் சாப்பிடலாம்.

அந்தச் சாறுதான் நுவோக் சாம். நுவோக் மாம் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, நீர் நாலைந்து பங்கு. பூண்டும் மிளகாயும் நறுக்கிக் கடைசியில் போட்டால் மேலே மிதக்கும், முதலிலேயே போட்டால் மூழ்கிவிடும். மூலமான நுவோக் மாம் நம் நெத்திலியின் சாறு. மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு, மரத்தொட்டியில் ஓராண்டு அளவு. புட்டியில் டிகிரி போட்ட எண் நைட்ரஜன் அளவைச் சொல்கிறது. 40 என்றால் அடர்த்தியானது. ஊருக்கு வாங்கி வருபவர்கள் அதைப் பார்த்து வாங்குங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள்.

சைவர்களுக்குப் படகில் தனித் தட்டு வந்தது, ஒரு நாள் முன்பே சொல்லி வைத்ததால். வந்து ஏறியபின் கேட்ட பக்கத்து மேசைக் குடும்பத்துக்கு வறுத்த சோறும் பழமும் மட்டுமே.

ஆறு அகலம், நீர் கறுப்பு. பிட்டெக்ஸ்கோ கோபுரம், 262 மீட்டர், இடுப்பில் ஹெலிகாப்டர் தளம் தட்டுபோல நீட்டிக்கொண்டிருக்கிறது. 1925ஆம் ஆண்டு மெஜஸ்டிக் விடுதி மஞ்சள் விளக்கில். அதற்குச் சற்று முன்னால் படகு ஆற்றடிச் சுரங்கப்பாதையின் மேலே போகிறது. 2011இல் திறந்த அந்தப் பாதையில் நம் காலுக்குக் கீழே கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2022இல் திறந்த பா சன் பாலத்தின் ஒற்றைத் தூண் சாய்ந்து நிற்கிறது. அப்பால் லேண்ட்மார்க் 81, 461 மீட்டர். விளக்குகளைவிட நீர்மேல் போகும் ஆகாயத்தாமரைத் திட்டுகள்தான் கண்ணை இழுத்தன. எட்டு மணிக்கு ஓதம் இறங்கத் தொடங்கி, எல்லாத் திட்டும் வரிசையாகக் கடல் நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கீழ்த்தளத்தில் தீ விழுங்குபவரின் ஆட்டம், ஒலிபெருக்கி மேசையை அதிர வைத்தது. பேசிக்கொண்டே சாப்பிட நினைப்பவர்களுக்கு மேல்தளம் தவிர வேறு இடம் இல்லை.

9.30க்குக் கரை. இரண்டு மணி நேரத்துக்குள் நீர் நன்றாக இறங்கிவிட்டது. மட்டமாக இருந்த ஏறுபலகை இப்போது மேல்நோக்கிய சரிவு, அதுவும் ஈரம். வயதான ஒருவர் சறுக்கி முழங்காலை ஊன்றிவிட்டார். படகுப் பையன் சட்டென்று தன் தோளைக் கொடுத்து, 'பாக், பாக்' என்று பெரியப்பா முறை சொல்லிக் கூப்பிட்டபடியே மேலே சேர்த்தான். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்து வந்தால் பௌர்ணமி, அமாவாசை நாள்களைத் தவிருங்கள். இல்லையேல் இறங்கும்போது கடைசி ஆளாக, கூட்டம் போனபின் இறங்கச் சொல்லுங்கள்.

நவம்பர் 16, சனி – நீர்ப்பேருந்து

ஆற்றை மட்டும் பார்க்க 6.5 லட்சம் தேவையில்லை. பாக் தாங் படித்துறையிலிருந்து 2017 முதல் நீர்ப்பேருந்து ஓடுகிறது. லின் தோங் வரை 15,000 டாங், 50 ரூபாய். வார இறுதியில் இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். திரும்பும் சீட்டையும் அப்போதே வாங்குங்கள். ஆற்றைக் கண்ணாடி இல்லாமல் பார்க்கப் பின்பக்கத் திறந்த தட்டில் நிற்கலாம்.

பிற்பகல் மூன்று மணி. இரவு கடலுக்குப் போன ஆகாயத்தாமரை இப்போது ஆற்றின் மேல்நோக்கி வந்துகொண்டிருந்தது, ஓதம் ஏறுமுகம். தான் தா வளைவில் படகு மெல்ல அதிர்ந்து நின்றது. ஒரு திட்டு விசிறியில் சுற்றிக்கொண்டது. பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்திருந்த அம்மா பையிலிருந்து ரம்புட்டான் எடுத்து இரு கையாலும் நீட்டினார். ஓட்டுநர் இயந்திரத்தைப் பின்னோக்கி இரண்டு முறை சுழற்றினார். பச்சைத் தழையும் கறுத்த வேரும் பின்னால் கொத்தாக மேலே வந்தன. நீர் ஒரு சுழி போட்டு அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டது. படகு கிளம்பியது.